தரவைத் தீக்கு ஊர்த் தொண்டர் அணி: வண்டியா, கைக்கருவியா, உழுத பட்டியா?

காலபோக (மாரிமழைப் போக) நெல் அறுவடை முடிந்து வயல்களில் அரிதாள் மட்டும் நிற்கும் மாசி, பங்குனியிலும், பின்னர் சோளகம் எனும் தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கும் வைகாசியிலிருந்து புரட்டாதி வரையிலும் யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலும் அவற்றையொட்டிய தரவை எனும் திறந்த புல்வெளிகளிலும் புல்லும் பற்றையும் தீப்பிடிக்கும் ஆபத்து மிக அதிகம். குப்பைக்கு வைத்த நெருப்பு, அணைக்காமல் எறிந்த சிகரெட், அரிதாளுக்கு மூட்டிய தீ, காற்றில் உரசும் மின்கம்பி என்று காரணங்கள் பல. அதைவிட முக்கியமானது எரிவதற்கு அங்கே காத்திருக்கும் பொருள். உரிமையாளர்கள் கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் வாழ, வேலிகூடத் தெரியாதபடி புல்லும் நாயுண்ணிச் செடியும் மூடிக்கிடக்கும் காணிகள் இல்லாத ஊர் இன்று அரிது.

சனசமூக நிலையங்களும் விளையாட்டுக் கழகங்களும் இதற்கென ஒரு தொண்டர் அணியை அமைக்க முன்வருவது மிக நல்ல மாற்றம். ஆனால் வெளிநாட்டு உறவுகள் கொஞ்சம் பணம் தருவதாகச் சொன்னதும் பேச்சு ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. தண்ணீர்த் தாங்கியும் பம்பும் பூட்டிய ஒரு வண்டியை வாங்குவதா, கைக்கருவிகளை வாங்கி இளைஞர்களைப் பழக்குவதா, பொங்கல் கழிந்த கையோடு காணி ஓரங்களை உழுது வெறுமையாக்குவதா, அல்லது நகரத்திலிருந்து தீயணைப்பு வண்டி வரட்டும் என்று விட்டுவிடுவதா என்பதே பலர் கேட்கும் கேள்வி. இந்த நான்கு வழிகளையும் ஒரே அளவுகோல்களால் அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

## அளக்க வேண்டியவை

முதலாவது நேரம். விறகு ஈரம் காய நாட்கள் எடுக்கும். புல்லோ மெல்லிய தாளாதலால் காலைப் பனி விலகிய ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் எரியத் தயாராகிவிடுகிறது. அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா மாநிலத்துக் கிராமியத் தீயணைப்புச் சேவை, திறந்த புல்வெளித் தீ மணிக்கு 25 கிலோமீற்றர் வேகம் வரை ஓடக்கூடும் என்று எச்சரிக்கிறது. நமது நிலம் ஒழுங்கைகளாலும் வரம்புகளாலும் துண்டுபட்டுக் கிடப்பதால் இங்கே தீ அவ்வளவு தூரம் ஒரே மூச்சில் ஓடுவதில்லை. ஆனாலும் ஓர் ஆள் நடக்கும் வேகத்தில், அதாவது செக்கனுக்கு ஒரு மீற்றர் வீதம் அது நகர்ந்தாலே பத்து நிமிடத்தில் 600 மீற்றரைக் கடந்துவிடும். வயல் கரையிலிருந்து முதலாவது ஓலை வேலிக்கு அவ்வளவு தூரம் இருக்கும் ஊர்கள் குறைவு. ஆகவே, எந்த ஏற்பாட்டையும் முதற் பத்து நிமிடத்தில் அது என்ன செய்யும் என்ற கேள்வியால் அளக்க வேண்டும்.

இரண்டாவது தண்ணீர். குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறும் மழைக்காலத்தில் மட்டுமே ஓடுகிறது. குளங்களும் கேணிகளும் வற்றிய பின்பு எஞ்சியிருப்பவை சுண்ணக்கல்லில் தோண்டிய கிணறுகள்தாம். அவற்றிலும் கோடை முற்ற முற்ற நீர்மட்டம் இறங்கும், கரையோர ஊர்களில் உவர் ஏறும். தீ மிக ஆபத்தானதாக இருக்கும் மாதங்களும் தண்ணீர் மிகக் குறைவாக இருக்கும் மாதங்களும் ஒன்றே என்பதைத் திட்டம் போடும்போது மறக்கக்கூடாது.

மூன்றாவது ஆட்கள். இரவுக் கூட்டத்துக்கு வந்து பெயர் கொடுப்பவர்களின் எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போடுவது ஏமாற்றத்தில் முடியும். புல் எரிவது பெரும்பாலும் நண்பகல் முதல் மாலை நாலு மணிவரை. வார நாளில் அந்த நேரத்தில் ஊரில் யார் இருக்கிறார்கள் என்று எழுதிப் பார்த்தால், தோட்டக்காரர், கடைக்காரர், ஓய்வுபெற்றவர்கள், வீட்டிலிருக்கும் பெண்கள் ஆகியோரே பட்டியலில் நிற்பார்கள். அணியும் அவர்களைக் கொண்டே அமைய வேண்டும்.

நான்காவது உயிர்ப் பாதுகாப்பு. ஐந்தாவது, வாங்கிய பின் வருடாவருடம் தொடரும் செலவு. இவ்விரண்டையும் ஒவ்வொரு வழியின் கீழும் பார்ப்போம்.

## வழி 1: நகரத் தீயணைப்புப் பிரிவை மட்டும் நம்பியிருத்தல்

யாழ்ப்பாண மாநகர சபையிடம் தீயணைப்புப் பிரிவு உண்டு. அதன் வீரர்கள் பயிற்சி பெற்றவர்கள். மூச்சுக்கருவி அணிந்து எரியும் கட்டடத்துக்குள் நுழையக்கூடியவர்கள். வீடு, கடை, வாகனம், எரிவாயுச் சிலிண்டர் ஆகியவற்றில் தீ பரவினால் அது அவர்களுடைய வேலை. ஊர்த் தொண்டர்கள் அதில் கைவைக்கவே கூடாது.

ஆனால் தூரம் தூரம்தான். பருத்தித்துறை முப்பது கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது. எழுதுமட்டுவாளும் ஏறக்குறைய அவ்வளவு தூரமே. நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து கடல் கடந்தே போக வேண்டும். 2016 செப்டம்பரில் கிளிநொச்சிப் பொதுச் சந்தை எரிந்தபோது அங்கே தீயணைப்பு வண்டி இருக்கவில்லை, யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டியிருந்தது, வருவதற்குள் கடைகள் வரிசை வரிசையாகச் சாம்பலாகிவிட்டன. சந்தைக்கே அந்த நிலையென்றால், தரவைத் தீக்கு வண்டி வந்து சேரும்போது தீ தன் பாட்டில் அடங்கியிருக்கும், அல்லது வேறு ஊரில் நிற்கும்.

இந்த வழியில் பணச்செலவு இல்லை என்று தோன்றுவதுதான் அதன் மறைவான விலை. பாரமான வண்டி குறுகிய ஒழுங்கைக்குள் திரும்பாது, உழுத வயலுக்குள் இறங்காது. அது ஒரு புல் தீக்காக வெகுதூரம் வந்திருக்கும் நேரத்தில் நகரத்தில் ஒரு வீடு எரிந்தால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

இருந்தபோதிலும், மற்ற மூன்று வழிகளில் எதைத் தேர்ந்தாலும் முதல் அழைப்பு இவர்களுக்கே போக வேண்டும். தீ சிறியது, நாங்களே பார்த்துக்கொள்வோம் என்று அழைப்பைத் தள்ளிப்போடுவது மிகப் பெரிய தவறு. மாநகரத் தீயணைப்புப் பிரிவின் நேரடி இலக்கத்தையும், பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அவசர நோயாளர் வண்டி 1990 ஆகிய இலக்கங்களையும் சனசமூக நிலையச் சுவரிலும் கடை வாசலிலும் எழுதி ஒட்டுவதற்கு எந்த நிதியும் தேவையில்லை. நகருக்கு மிக அண்மையில், நல்ல வீதியோடு, வெற்றுக் காணிகள் குறைந்த ஊர்களுக்கு இந்த வழியே போதுமானது.

## வழி 2: கைக்கருவி அணி

பச்சைக் குழையை ஒடித்துத் தீயை அடிப்பது நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்ததே. தெரிந்த வேலை என்பதாலேயே அது பிழையாகவும் செய்யப்படுகிறது. வயல் கரையில் நின்று பார்த்தால் இது விளங்கும். பூவரசங் குழையைத் தலைக்கு மேலே ஓங்கி அடிப்பவர், அதைத் திரும்பத் தூக்கும்போது எரியும் தாள்களையும் சேர்த்துத் தூக்குகிறார். அவை காற்றில் பறந்து அவருக்குப் பின்னாலேயே விழுந்து புதிதாகப் பற்றுகின்றன. ஓங்காமல், முழங்கால் உயரத்துக்கு மேல் எடுக்காமல், தீயின் அடியில் அமுக்கி எரிந்த பக்கமாக இழுப்பதே சரியான முறை. பழைய வண்டிச் சேற்றுத்தடுப்பு ரப்பரை ஓர் ஆள் உயரத் தடியில் ஆணி அறைந்து பூட்டினால் குழையைவிட மிகச் சிறந்த அடிகருவி கிடைக்கும். ஊர்த் தச்சரும் சைக்கிள் கடைக்காரரும் சேர்ந்து ஒரு மாலையில் பத்துச் செய்துவிடலாம்.

இதற்குத் துணை, தோட்டத்துக்கு மருந்தடிக்கும் 16 லீற்றர் முதுகுத் தெளிகருவி. நிமிடத்துக்கு ஒன்றரை லீற்றர் வீதம் அடித்தால் பத்து நிமிடம் தாங்கும். இவ்வளவு கொஞ்சத் தண்ணீர் எதற்குப் போதும் என்று நினைக்கலாம். நீர் ஆவியாகும்போது தன்னைச் சுற்றியுள்ள வெப்பத்தைப் பெருமளவில் உறிஞ்சிக்கொள்கிறது. ஒரு லீற்றர் கொதிநிலையில் ஆவியாக மட்டும் ஏறக்குறைய 2,260 கிலோயூல் வெப்பம் தேவை. புல் மிக மெல்லிய எரிபொருள் ஆதலால், சுவாலையின் அடியில் மெல்லிய தூறலாக விழும் நீர் அதைக் குளிர்விக்கப் போதுமானது. ஆகவே ஒருவர் முன்னால் தெளித்துச் சுவாலையைத் தணிக்க, இன்னொருவர் பின்னால் அடித்து அமர்த்திக்கொண்டு போவதே இந்த அணியின் அடிப்படை. ஒரு சோடி, அதன் பின்னால் இன்னொரு சோடி, அதற்கும் பின்னால் மண்வெட்டியோடு ஒருவர். கொக்கத்தடி ஒன்றும் தேவை. வடலியில் (இளம் பனையில்) தொங்கும் காவோலையை, அதாவது காய்ந்த ஓலையை, தீ எட்டுவதற்கு முன் இழுத்து விழுத்த அதைவிட வேறு கருவி இல்லை.

எங்கே நின்று அணைப்பது என்பது கருவியைவிட முக்கியம். தீக்கு முகம், இரண்டு பக்கம், வால் என்று பகுதிகள் உண்டு. காற்றுக்கு முன்னால் ஓடும் முகத்துக்கு எதிரே எவரும் நிற்கக்கூடாது. ஒழுங்கையோ உழுத நிலமோ உள்ள ஓரிடத்திலிருந்து தொடங்கி, வால் பக்கமாக நுழைந்து, ஒரு கால் எரிந்து முடிந்த கரியிலேயே இருக்கும்படி பக்கங்களை நெருக்கிக்கொண்டு முன்னேற வேண்டும். காற்று திரும்பினால் ஒதுங்குவதற்குப் பாதுகாப்பான இடம் அந்தக் கரி நிலமே. சுவாலை நான்கு அடிக்கு, அதாவது ஏறக்குறைய 1.2 மீற்றருக்கு மேல் எழுந்தால் கைக்கருவியால் நேரடியாகத் தாக்கக்கூடாது என்பது அமெரிக்கக் காட்டுத்தீ அணைப்பாளர்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் வரம்பு. நெஞ்சளவுக்கு வரும் சுவாலையைக் கண்டால் பின்வாங்குவது என்று நம் அணியும் முடிவு செய்துகொள்ளலாம். ஒருவர் அணைக்கும் வேலையில் சேராமல், உயரமான ஓரிடத்தில் நின்று காற்றையும் ஆட்களையும் மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். விசில் ஒன்று அவரிடம் இருக்கட்டும்.

மறைவான செலவுகள் இங்கும் உண்டு. தெளிகருவியின் வாசர் காய்ந்து வெடித்துவிடுவதால் மாதம் ஒருமுறையாவது தண்ணீர் நிரப்பி அடித்துப் பார்க்க வேண்டும். களைநாசினி அடித்த கருவியை இரவல் வாங்கக்கூடாது. அணிக்கெனத் தனியாக வாங்கி நிறம் பூசி வைக்க வேண்டும். நண்பகல் வெயிலில் இருபது கிலோவை முதுகில் சுமந்து தீக்கருகே நிற்பவர் விரைவில் சோர்ந்துவிடுவார். குடிதண்ணீரும், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றமும் கட்டாயம். இவற்றை எல்லாம்விடப் பெரிய செலவு, பழக்கிய இளைஞர்கள் வெளிநாடு போய்விடுவது. ஆகவே ஒவ்வொரு தை மாதமும் பயிற்சியைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும் என்று எதிர்பார்த்தே இறங்க வேண்டும்.

## வழி 3: உழவு இயந்திரமும் தண்ணீர்த் தாங்கியும்

சிட்னியிலும் மெல்பேர்ணிலும் இருக்கும் உறவுகள் அங்குள்ள தொண்டர் தீயணைப்பு அணிகளின் சிவப்பு வண்டிகளைக் காட்டும்போது, நம் ஊருக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்ற ஆசை வருவது இயல்பு. நியூ சவுத் வேல்சின் கிராமியத் தீயணைப்புச் சேவை உலகின் மிகப் பெரிய தொண்டர் தீயணைப்பு அமைப்பு எனப்படுகிறது. அந்த வண்டிகளுக்குப் பின்னால் தனிச் சட்டம், அரச நிதி, காப்புறுதி, பயிற்சி நிலையங்கள் அனைத்தும் நிற்கின்றன. நமக்கு வண்டியை அனுப்பலாம். மற்றவற்றைப் பெட்டியில் போட்டு அனுப்ப முடியாது.

நம் ஊருக்குப் பொருத்தமானது லாண்ட்மாஸ்டர் எனும் இருசில்லு உழவு இயந்திரத்தின் பெட்டியில் 500 லீற்றர் தாங்கியும் சிறு பம்பும் பூட்டிய ஏற்பாடு. இங்கே ஒரு கணக்கைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தோட்டத்துக்கு இறைக்கும் இரண்டு அங்குலப் பம்பைப் பூட்டினால், அது முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஐந்நூறு லீற்றரளவு தள்ளக்கூடியது. தாங்கி ஒரு நிமிடத்தில் வெறுமையாகிவிடும், பாதித் தண்ணீர் மண்ணுக்குள் போயிருக்கும். அதற்குப் பதிலாக மாமரத்துக்கு மருந்தடிக்கும் அழுத்தமான தெளிபம்பை, நிமிடத்துக்கு 25 லீற்றர் வீதம், நீண்ட குழாயோடு பயன்படுத்தினால் அதே தாங்கி இருபது நிமிடம் தாங்கும். இந்த ஒரு தெரிவைச் சரியாகச் செய்தால் இரண்டு பேர் கொண்ட வண்டி பத்துப் பேரின் வேலையைச் செய்யும். பிழையாகச் செய்தால், தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

வண்டியின் வலிமை இரண்டு இடங்களில் தெரியும். ஒழுங்கையிலோ வண்டிப் பாதையிலோ நின்றபடி, ஆளுயரச் சுவாலையைக்கூட எட்ட இருந்து தணிக்கலாம். தீ அணைந்த பின்னர் புகைந்துகொண்டிருக்கும் பனை அடிகளையும் வேலிக் கதியால்களையும் நன்றாக நனைக்கலாம். முதுகுத் தெளிகருவியால் இந்த வேலை முடியாது.

மறைவான செலவுகள்தாம் இங்கே நீண்ட பட்டியல். வருடத்தில் சில நாட்கள் மட்டும் ஓடும் வண்டியில் ரயர் வெயிலில் வெடிக்கும், பற்றறி செத்துவிடும், பெற்றோல் கிடந்து காபிரேட்டரை அடைக்கும். வாராவாரம் ஒருவர் இயக்கிப் பார்க்காவிட்டால் தேவையான நாளில் அது இயங்காது. தரிப்பிடம், பூட்டு, சாவி யாரிடம் என்ற கேள்வி, ஓட்டுநர் அனுமதிப்பத்திரம், வீதியில் ஓடுவதற்கான வரிப்பத்திரமும் காப்புறுதியும், இவை அனைத்துக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும். 2022 இல் எரிபொருளுக்காக வரிசையில் நின்ற நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படியொரு நிலை மீண்டும் வந்தால் வண்டி கொட்டிலில்தான் நிற்கும். பாதி நிரம்பிய தாங்கி வரம்பில் ஏறும்போது தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்து வண்டியைப் புரட்டிவிடக்கூடும். முழுதாக நிரப்பியோ முழுதாக வெறுமையாக்கியோ ஓட்டுவது, அல்லது உள்ளே தடுப்புத் தகடு வைத்த தாங்கியை வாங்குவது நல்லது. சூடான புகைபோக்கி காய்ந்த புல்லில் உரசினால் வண்டியே புதிய தீயைத் தொடக்கிவிடும் என்பதால் எரியாத புல்லுக்குள் அதை இறக்கவே கூடாது.

ஓர் ஊர் தனியாக வாங்குவதைவிட, அடுத்தடுத்த மூன்று நான்கு ஊர்கள் சேர்ந்து ஒன்றை வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. அதற்கும் முன்னால், பிரதேச சபையின் குடிநீர்ப் பவுசரை அவசரத்தில் எந்த நடைமுறையில் பெறலாம் என்று எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

## வழி 4: உழுது வெறுமையாக்கிய பட்டி

எரிவதற்கு எதுவும் இல்லாத நிலத்தில் தீ நின்றுவிடுகிறது. அறுவடை முடிந்ததும், நிலத்தில் இன்னும் சிறிது ஈரம் இருக்கும்போதே, குடிமனைக்கும் வயலுக்கும் இடையில், அல்லது வெற்றுக் காணிக்கும் வேலிக்கும் இடையில், உழவு இயந்திரத்தால் இரண்டு மூன்று தடவை போய்வந்து ஒரு பட்டியை வெறும் மண்ணாக்கிவிடலாம். பட்டியின் அகலம் அங்கே எழக்கூடிய சுவாலையின் உயரத்தைவிடக் குறைந்தது இரு மடங்காவது இருக்க வேண்டும். முழங்காலளவு புல்லுக்கு நாலைந்து மீற்றர் போதும், ஆளுயர நாணலுக்குப் போதாது. உழ முடியாத கல் நிலத்தில் புல்வெட்டும் இயந்திரத்தால் அடியோடு வெட்டி, வெட்டியதை வாரி அகற்ற வேண்டும். வெட்டிய புல்லை அங்கேயே விட்டால் அதுவும் எரிபொருளே. மாடும் ஆடும் கட்டி மேய்த்தும் பட்டி போடலாம். தரவையில் மந்தை வைத்திருப்பவர்களோடு பேசினால் இருவருக்கும் இலாபம்.

பட்டியைப் போலவே முக்கியமானது பனையடித் துப்புரவு. நிலத்தில் எரியும் முழங்காலளவு தீ, தொங்கும் காவோலை வழியாக மரத்தில் ஏறிவிட்டால், அங்கிருந்து சோளகத்தில் பறக்கும் பொறிகள் எந்தப் பட்டியையும் தாண்டிக் கிடுகு வேலியிலும் ஓலைக் கொட்டிலிலும் போய் விழும். வீடுகளுக்குக் காற்றுமுகமாக நிற்கும் பனைகளிலும் வடலிகளிலும் காவோலையை வெட்டி, பன்னாடையைக் கூட்டி அள்ளிவிட்டால் பட்டியின் பயன் பல மடங்காகும்.

இவ்வழிக்குத் தண்ணீர் வேண்டாம். நண்பகலில் ஆட்கள் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. வேலை முன்கூட்டியே முடிந்திருக்கும். எவரும் தீக்கருகே போகாததால் உயிராபத்து மிகக் குறைவு. ஐந்து அளவுகோல்களில் நான்கில் இதுவே முன்னிற்கிறது.

செலவு மறைந்திருக்கும் இடம் மனிதர்களுக்கிடையில். வேலி ஓரமாக உழவு இயந்திரம் போனால் எல்லைக் கல் அசைந்துவிட்டது என்று வழக்குத் தொடங்கும். ஆளில்லாக் காணிக்குள் நுழைய உரிமையாளரின் சம்மதம் வேண்டும். அவர் யார், எங்கே இருக்கிறார் என்று தேடுவதற்கே வாரங்கள் போகும். கிராம அலுவலரை முன்னிறுத்தி, உரிமையாளரோடு காணொளி அழைப்பில் பேசி, உழும் இடத்தைக் காட்டி, சம்மதத்தை எழுத்தில் பெற்றுவிட்டால் பின்னர் தொல்லை இல்லை. நெற்காணிகளுக்குக் கமநல சேவை நிலையமும் கமக்காரர் அமைப்பும் உதவ முடியும். சித்திரையில் ஒரு மழை பெய்தால் பட்டியில் மறுபடி புல் முளைக்கும் என்பதால், சோளகம் தொடங்குமுன் இன்னொரு தடவை உழ வேண்டும்; அந்தக் கூலியையும் முதலிலேயே ஒதுக்கி வைக்க வேண்டும். பட்டி போடுவதற்காகப் புல்லுக்குத் தீ வைப்பதை மட்டும் நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன்.

பணம் தருபவருக்கு இதை விளக்குவது கடினம். படம் பிடித்து அனுப்ப உழுத மண் மட்டுமே இருக்கும். அதில் நன்கொடையாளரின் பெயரைப் பொறிக்கவும் முடியாது. இருந்தும், ஊரில் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்ற நிலை வந்தால் இதையே செய்யுங்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | நகரப் பிரிவு மட்டும் | கைக்கருவி அணி | வண்டியும் தாங்கியும் | உழுத பட்டி |
|---|---|---|---|---|
| முதற் பத்து நிமிடம் | தூர ஊர்களில் பயன் இல்லை | மிகவும் பயன், தீ சிறிதாக இருந்தால் | சாரதி ஊரில் இருந்தால் பயன் | ஏற்கெனவே வேலை முடிந்திருக்கும் |
| தண்ணீர்த் தேவை | வண்டியோடு வரும் | மிகக் குறைவு | நிரப்ப ஒரு கிணறு கட்டாயம் | இல்லை |
| நண்பகலில் ஆட்கள் | அழைக்க ஒருவர் | ஆறு பேராவது | இரண்டு, மூன்று பேர் | தேவையில்லை |
| உயிராபத்து | தொண்டருக்கு இல்லை | பயிற்சி இல்லாவிட்டால் அதிகம் | நடுத்தரம். புரளும் அபாயம் | மிகக் குறைவு |
| தொடக்கச் செலவு | இல்லை | ஆயிரக்கணக்கில் | இலட்சக்கணக்கில் | உழவுக் கூலி |
| வருடாந்தச் செலவு | இல்லை | பயிற்சி, வாசர், உடை | மிக அதிகம் | இரண்டு தடவை உழவு |
| கைவிடும் இடம் | தூரம், ஒழுங்கை | நெஞ்சளவுச் சுவாலை | சேறு, வரம்பு, எரிபொருள் தட்டுப்பாடு | பனையிலிருந்து பறக்கும் பொறி |

## எந்த வழியிலும் விலக்கு இல்லாதவை

தென்மராட்சியின் கிழக்கு எல்லைக்கு அப்பால் முகமாலைப் பக்கம் ஹலோ ட்ரஸ்ட் போன்ற நிறுவனங்கள் ஆண்டுக்கணக்காகக் கண்ணிவெடி அகற்றி வருகின்றன. மண்டையோட்டுச் சின்னம் பொறித்த சிவப்புப் பலகை நிற்கும் இடத்துக்குள் எரியும் தீயை அணைக்க எவரும் போகக்கூடாது. வெப்பத்தில் வெடிபொருள் தானாகவே வெடிக்கலாம். துப்புரவாக்கிய நிலத்திலோ வீதியிலோ, நன்றாகத் தள்ளி நின்று, தீ வெளியே வராதபடி மட்டும் மறிக்க வேண்டும். பொலிசாருக்கு உடனே அறிவிக்க வேண்டும். நெடுங்காலம் ஆள் நடமாடாத எந்தக் காணிக்கும், பலகை இல்லாவிட்டாலும், இதே எச்சரிக்கை பொருந்தும்.

உடை விடயத்தில் கழக இளைஞர்களோடு கண்டிப்பாகப் பேச வேண்டும். மைதானத்திலிருந்து அப்படியே ஓடிவருபவர் அணிந்திருக்கும் ஜேர்சி செயற்கை இழையால் ஆனது; பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிவிடும். றப்பர்ச் செருப்பும் அப்படியே. சாரம் காலைத் தட்டும். தடித்த பருத்திச் சட்டை, நீளக் காற்சட்டை, தோல் சப்பாத்து, தலையில் ஈரத் துவாய் ஆகியவை இல்லாதவர் தண்ணீர் கொண்டுவரும் வேலையில் நிற்கட்டும், தீக்கருகே வேண்டாம். மின்கம்பிக்குக் கீழே தீ எரிந்தால் தண்ணீரைத் தாரையாக மேல்நோக்கி அடிக்கக்கூடாது. முதலில் 1987 இற்கு அழைத்து மின்சாரத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும்.

தீ அணைந்ததும் கலைந்து போவதும் ஆபத்தே. பட்ட பனங்குற்றிகளும் காய்ந்த சாணமும் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருந்து, மறுநாள் நண்பகலில் காற்று எழும்பியதும் மீண்டும் பற்றும். இருவர் இரவு வரை சுற்றிப் பார்க்கவும், மறுநாள் பத்து மணிக்கு ஒரு தடவை போய்ப் பார்க்கவும் முறை வைத்துக்கொள்ள வேண்டும்.

## எந்த ஊருக்கு எது

வலிகாமத்துச் செம்மண் தோட்ட ஊர்களில் தோட்டத்துக்கொரு கிணறும் பம்பும் உண்டு. தொடர்ச்சியான புல்வெளி குறைவு. அங்கே பெரும் ஆபத்து வேலியும் ஆளில்லா வளவும்தான். வண்டி வாங்குவதைவிட, எந்தக் கிணற்றுப் பம்பு எத்தனை மீற்றர் குழாயோடு எதுவரை எட்டும் என்று ஒரு வரைபடம் போட்டு, கூடுதல் குழாய்களும் பொருத்திகளும் வாங்கி ஓரிடத்தில் வைப்பது குறைந்த செலவில் நிறைந்த பயன் தரும். ஆறேழு அடிகருவிகள் அதற்குத் துணை.

தென்மராட்சி, வடமராட்சி வயல் கரை ஊர்களுக்கு முதலில் பட்டி, அதனோடு கைக்கருவி அணி. கையில் வரும் பணத்தில் பெரும்பகுதியை மூன்று வருட உழவுக் கூலியாக ஒதுக்கி, மீதியில் நான்கு தெளிகருவி, பத்து அடிகருவி, சப்பாத்து, முதலுதவிப் பெட்டி ஆகியவற்றை வாங்கலாம். மாநகரத் தீயணைப்புப் பிரிவிடமோ மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவிடமோ ஒரு நாள் பயிற்சி கேட்டுக் கடிதம் எழுதலாம். மூன்று கோடைகள் கடந்தும் அணி கலையாமல் நின்றால், அயல் ஊர்களோடு சேர்ந்து வண்டியைப் பற்றிப் பேசுவதற்கு அதுவே தகுந்த காலம்.

தீவகத்தில் கணக்கு மாறும். புங்குடுதீவு போன்ற இடங்களில் குடிபெயர்ந்தோரின் வெற்றுக் காணிகள் அதிகம், இளைஞர் குறைவு, நன்னீரும் குறைவு. ஆறு பேர் கொண்ட அணியை நண்பகலில் திரட்டவே முடியாத ஊருக்கு இரண்டு பேர் இயக்கும் வண்டி நியாயமான தெரிவாகிறது. தாங்கியை மழைக்கால நீரால் நிரப்பி மூடி வைக்க வேண்டும். கடல்நீரை வேறு வழி இல்லாதபோது மட்டும், பயிர் செய்யாத நிலத்தில் மட்டும் பாவிக்கலாம். பாவித்த அன்றே பம்பை நன்னீரால் கழுவாவிட்டால் துரு தின்றுவிடும். நெடுந்தீவில் பவளக்கல் அடுக்கி எழுப்பிய மதில்கள் ஏற்கெனவே நல்ல தடைகளாக நிற்கின்றன. அவற்றின் இரு புறமும் இரண்டு மீற்றருக்குப் புல்லை வெட்டி, இடிந்த இடங்களை அடுக்கிவிடுவதே அங்கே முதல் வேலை. கரையிலிருந்து உதவி வரப் படகு வேண்டிய தீவு என்பதால், அந்த ஒரு ஊருக்கு மட்டும் வண்டி, கைக்கருவி, பட்டி மூன்றும் சேர்ந்தே தேவை என்பது என் கருத்து. நிதி சேர்க்கும் சங்கங்கள் முன்னுரிமை கொடுக்க வேண்டியதும் அங்கேதான்.